இருநூற்றைம்பது சுற்று

லிண்டன்ரோட
12 மே 1996

அன்புள்ள சுகன்யாவுக்கு,

என் மகன் வெளியே வந்துவிட்டான். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் உம்முடைய சுகம் விசாரிக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கொழும்பில் என் தங்கை தேவமலரின் வீட்டுச் சந்தியில் தை மாதம் அவனைச் சுற்றிவளைத்துப் பிடித்த ஆமிக்காரர், போன புதன்கிழமை விட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கதைத்தேன். “அம்மா, நான் சாப்பிடுறன்” என்றான். நான்கு மாதம் கழித்துக் கேட்ட முதல் சொல் அதுதான்.

லக்ஸன் உள்ளே இருந்தபோது மாதாவிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். அவன் வந்தால், நான் இருக்கும் இடத்திலிருந்து கேவலார் வரைக்கும் நடந்து வந்து, அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன் என்று. மன்னாரில் இருந்திருந்தால் மடு மாதா கோயிலுக்கு நடந்திருப்பேன். இந்த ஜேர்மனியில் எங்களுக்குக் கேவலார் மாதா கோயில்தான் மடு. ஆகஸ்டில் இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லாரும் பஸ் பிடித்துப் போவார்கள். பஸ் ஒழுங்கு செய்கிற பென்ஜமின் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். “பேர்பெச்சுவா, நீங்கள் பஸ்ஸில வந்து இறங்கி, கோயிலை மூண்டுதரம் சுத்தி நடவுங்கோ. மாதா என்ன கணக்கே பாக்கிறா?” என்றார். மாதா பார்க்க மாட்டா. நான் பார்ப்பேன்.

அவனை விட்டுவிட்டு வரும்போது பதின்மூன்று வயது. என் தோளுக்கு நின்றான். இப்போது எவ்வளவு உயரமென்று பெற்றவளுக்குத் தெரியாது. நூல் பிடித்து அனுப்பச் சொல்லித் தங்கைக்கு எழுதியிருக்கிறேன்.

நீர் என்னோடு நடக்க வருவீரா? ஹைமில், இந்த அகதி விடுதியில், இருக்கிற மற்றப் பெண்களுக்குப் பயம். நீர் சைவப் பிள்ளை, கேட்பது சரியோ தெரியாது. ஆனால் போன வருடம் இங்கே தொழிற்சாலையில் வேலை பழக வந்த மூன்று மாதமும், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு குளத்தைச் சுற்றி நடந்தவர் நீர் ஒருவர்தான். உமக்குக் காலும் ஓயாது, வாயும் ஓயாது.

அன்புடன்,
பேர்பெச்சுவா அக்கா


ஆஹென்
19 மே 1996

அன்புள்ள அக்கா,

லக்ஸன் வந்த செய்தியைப் படித்து லேபிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சுதீர் என் மெஷின்தான் கெட்டுப்போனதாக நினைத்து ஓடி வந்தான்.

வருகிறேன். இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம். தை மாதம் பழனிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். நடக்கிறது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அப்புறம், இந்த “நீர்”, “உம்மை” எல்லாம் படிக்கும்போது ராஜசபையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள்.

மேப்பில் வழி பார்த்தேன். நூற்றுப்பத்து கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு, ஐந்து நாள். ஆகஸ்ட் 12 திங்கட்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை போய்விடலாம். மறுநாள் உங்கள் ஆட்களின் பஸ்ஸிலேயே திரும்பலாம். உங்களுக்கு ஷூ வாங்கிவிட்டேன், முப்பத்தெட்டு சைஸ். ரப்பர் செருப்போடு வந்தால் நான் வரமாட்டேன்.

ஒரே ஒரு விஷயம். உங்கள் அகதிப் பேப்பரில் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று இருக்கிறதே. முதலில் பர்மிஷன் வாங்குங்கள்.

என் பக்கம் புதிதாக ஒன்றுமில்லை. அப்பா செப்டம்பருக்கு டிக்கெட் போட்டு வரச் சொல்கிறார். மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். தீசிஸ் முடிய ஒரு வருடம் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை. அதை விடுங்கள்.

சுகன்யா


லிண்டன்ரோட
14 யூன் 1996

அன்புள்ள சுகன்யா,

சப்பாத்து அளவாக இருக்கிறது. அனுமதிதான் அளவாக இல்லை.

நேற்று வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின், அதிகாரியைப் பார்க்கத் தந்த நேரம். அந்த அதிகாரி நல்ல சட்டை போட்டு, நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். என் அரைகுறை டொச் பாஷையில் ஐந்து நாள் கேட்டேன்.

“கேவலாருக்கு பஸ் எவ்வளவு நேரம்?” என்று கேட்டார்.

“ரண்டு மணித்தியாலம்.”

“பிறகு ஏன் ஐந்து நாள்?”

“நடந்து போறன்.”

“பஸ் இருக்கும்போது ஏன் நடக்க வேண்டும்?”

“பஸ் நேர்த்தி வைக்கேல்லை, நான்தான் வைச்சனான்” என்று சொன்னேன். டொச்சில் அது எப்படி வந்ததோ தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஆகஸ்ட் 17 சனிக்கிழமை, காலை ஏழிலிருந்து இரவு பத்து மணி வரை. ஒரு நாள். பிறகு என் கோப்பைத் திறந்து, போன வருடம் எஸ்ஸனுக்கு செத்தவீட்டுக்குப் போய் ஸ்டேஷனில் பிடிபட்டதைக் காட்டினார். எங்கள் ஊர் சூசைதாசன் அண்ணையின் செத்தவீடு அது. பிணத்துக்கு டெர்மின் எடுத்து வைக்க ஏலுமா? அதற்கு அபராதத்தோடு விட்டார்கள். இரண்டாம் தரம் என்றால் நீதிமன்றமாம். செப்டம்பர் 24இல் என் அகதி அன்ட்ராக்குக்கு, அந்த விண்ணப்பத்துக்கு, விசாரணை இருப்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த நாள், எனக்கா மறக்கும்?

போகும்போது ஒரு வரைபடம் தந்தார். மாவட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது. ஆட்டை மேய்க்கிறவன்கூட இப்படிக் கோடு போடமாட்டான்.

நான் நடப்பேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றுப் பாலத்தடியில் நிற்பேன். அந்தப் பாலம்தான் எல்லை.

பேர்பெச்சுவா அக்கா


ஆஹென்
20 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

ப்ளீஸ், வேண்டாம். நான் யூனிவர்சிட்டியில் சட்டம் படிக்கிற ஒரு ஜெர்மன் பையனிடம் கேட்டேன். அந்த அதிகாரி சும்மா மிரட்டவில்லை. இரண்டாவது தடவை பிடித்தால் நிஜமாகவே கேஸ்தான். ஐந்து நாள் மெயின் ரோட்டில் நடப்போம். புடவையோ கவுனோ, நாம் இரண்டு பேரும் ஒளிந்துகொள்கிற நிறமா?

உங்களுக்கு இங்கே இருக்க பேப்பர் கிடைத்தால்தானே லக்ஸனைக் கூப்பிட முடியும்? அவனுக்காக வைத்த வேண்டுதலாலேயே அவன் வழியை அடைக்கப் போகிறீர்களா?

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் சித்தப்பா கால் ஒடிந்து கிடந்த வருடம், அவர் வேண்டுதலை எங்கள் அம்மா நடந்து முடித்தாள். பழனியில் யாரும் ஏன் நீ வந்தாய் என்று கேட்கவில்லை. உங்களுக்காக நான் நடக்கிறேன். எனக்கு எந்தக் கோடும் கிடையாது. நீங்கள் சனிக்கிழமை பர்மிஷனோடு பஸ்ஸில் வந்துவிடுங்கள், அங்கே சந்திப்போம்.

சுகன்யா


லிண்டன்ரோட
3 யூலை 1996

சுகன்யா,

என் கால் ஒடியவில்லை.

நேர்த்தி வைத்த வாய் என்னுடையது. நடக்க வேண்டியதும் என் கால்தான். நீர் என்னோடு வருவதென்றால் வாரும். எனக்குப் பதிலாகப் போவதென்றால் வேண்டாம். இதை இரண்டாம் தரம் எழுதவைக்க வேண்டாம்.

தங்கையிடமிருந்து நூல் வந்துவிட்டது. உச்சியிலிருந்து குதிக்கால் வரை பிடித்துத் தடித்த பருத்தி நூல். சுவரில் பிடித்துப் பார்த்தேன், என் தலைக்கு மேலே ஒரு சாண் போகிறது. சுவரோடு நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உயரத்தில் இங்கே மெழுகுதிரி இல்லை. நூலை இதற்குள் வைத்திருக்கிறேன். நீர் எங்கேயாவது வாங்கி வைத்திரும். 12ஆம் திகதி பாலத்தடிக்குக் கொண்டு வாரும்.

அக்கா


கேவலார்
3 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா,

இந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நடந்துவிட்டேன். போன திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் பாலத்தில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் உங்கள் ஹைமின் புகைக்கூண்டு தெரிந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று பயந்து கிளம்பிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் ஊர் முடிகிற இடமும் அடுத்த ஊர் ஆரம்பிக்கிற இடமும் தெரியவில்லை, ஒரே வீடும் ரயில் பாதையும். மூன்றாம் நாள் மழை. டூயிஸ்பூர்க்கில் ரைன் பாலத்தில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் சோளக்காடும் கோஸ் வயலும். ஒரு பண்ணைக்காரம்மா வழிமறித்து எங்கே போகிறாய் என்று கேட்டாள். சொன்னதும் உள்ளே கூப்பிட்டு வெந்நீரில் கால் வைக்கச் சொன்னாள். இடது காலில் நான்கு கொப்புளம், வலதில் இரண்டு. வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் ஸ்டூடண்ட் கார்டு கேட்டார்கள். அந்த இரண்டு இடத்திலும் நீங்கள் மாட்டியிருப்பீர்கள்.

நூல் அளவுக்குத் திரி இங்கேதான் கிடைத்தது. மாதாவின் சாப்பலுக்கு வெளியே ஏற்றினேன். நிறையத் திரிகளுக்கு நடுவில் உங்கள் மகன்தான் உயரம். பக்கத்தில் வேண்டுதல் எழுதுகிற பெரிய நோட்டு இருந்தது. அதில் தமிழிலேயே எழுதினேன்: “சொன்னபடி நடந்து வந்தேன். பேர்பெச்சுவா.”

உங்கள் கடன் முடிந்தது அக்கா. 12ஆம் தேதி பாலத்துக்குப் போகாதீர்கள். என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், போகாதீர்கள். நூலைத் திருப்பி அனுப்புகிறேன்.

சுகன்யா


லிண்டன்ரோட
7 ஆகஸ்ட் 1996

சுகன்யாதேவிக்கு,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கொப்புளத்தை வாசித்தபோது பாவமாக இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் கோபம்தான் வந்தது.

இந்த ஹைமில் எனக்கு என்ன சாப்பாடு என்று வேறொருவர் தீர்மானிக்கிறார். எந்தக் கட்டிலில் படுப்பது, எந்த ஊருக்குப் போவது, எந்த நாள் வாய் திறந்து என் கதையைச் சொல்வது, எல்லாம் வேறொருவர் கையில். எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரு நேர்த்தி. அதையும் நீர் எடுத்துக்கொண்டு போய்விட்டீர். அதிகாரி என் பாதையை மறித்தார். நீர் என் பெயரையே கொண்டுபோய் எழுதிவிட்டீர். நடக்காதவளை நடந்தேன் என்று மாதாவுக்கு முன்னால் பொய் சொல்ல வைத்தீர்.

என் மேல் அன்பில்தான் செய்தீர். அது தெரிவதால்தான் இவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை லக்ஸன் கதைத்தான். நான் பாலம் தாண்டப்போவதைத் தேவமலர் சொல்லிவிட்டாள் போல. “அம்மா, நீங்கள் அங்க இருந்தால்தானே நான் வாறதுக்கு ஒரு இடம் இருக்கும்” என்றான். குரல் பெரிய ஆம்பிளையின் குரல்.

அதனால் பாலம் தாண்ட மாட்டேன். நடக்காமலும் இருக்க மாட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டு வரைபடத்தை எடுத்து வைத்து நெடுநேரம் பார்த்தேன். எதுவரை போகலாம் என்றுதான் அந்த அதிகாரி கோடு போட்டிருக்கிறார். உள்ளே எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய கந்தோரைச் சுற்றி நான்கு பக்கமும் நடைபாதை இருக்கிறது. ஹைமில் உள்ள கொசோவோக்காரர் ஒருவரின் சைக்கிளில் தூரம் காட்டும் மீட்டர் உண்டு. அவரைச் சுற்றவிட்டு அளந்தேன். நானூற்று நாற்பது மீட்டர். இருநூற்றைம்பது சுற்று நடந்தால் சரியாக நூற்றுப்பத்து கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை, கந்தோர் திறந்திருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஐம்பது. சனிக்கிழமை அவர் தந்த அனுமதியோடு பஸ்ஸில் ஏறி கேவலார் வாசலில் இறங்குவேன்.

நீர் வர வேண்டாம்.

பேர்பெச்சுவா


ஆஹென்
10 ஆகஸ்ட் 1996

அக்கா,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. பயத்தில் செய்தேன். உங்களைக் கேட்டால் முடியாது என்பீர்கள் என்று தெரிந்தேதான் கேட்காமல் செய்தேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். எங்கள் அப்பாவும் எனக்கு மாப்பிள்ளை பார்த்ததற்கு இதையேதான் சொல்கிறார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதுதான் நானும் அவர் மாதிரியே பேசியிருக்கிறேன் என்று உறைத்தது.

வெள்ளிக்கிழமை கடைசி ஐம்பது சுற்றுக்கு வரட்டுமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.

சுகன்யா


லிண்டன்ரோட
13 ஆகஸ்ட் 1996

சுகன்யாவுக்கு,

நூறு சுற்று முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது, மனம் வீங்கவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் செபமாலையில் பத்து மணி செபம். எண்ணிக்கை தவறாமல் இருக்க லக்ஸனுடைய நூலைக் கையில் வைத்திருக்கிறேன். பத்துச் சுற்றுக்கு ஒரு முடிச்சு.

ஏழாவது சுற்றில் அதிகாரி யன்னலால் பார்த்தார். இருபதாவது சுற்றில் கோப்பிக் கோப்பையோடு பார்த்தார். முப்பதில் இறங்கி வந்து, “நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“கேவலாருக்கு நடக்கிறன்” என்றேன்.

“கேவலார் அந்தப் பக்கம்.”

“ஓம். நீங்கள் அந்தப் பக்கம் போக விடேல்லை. அதான் இஞ்சால நடக்கிறன்.”

இன்று போலீஸ் வந்தது. இளம் பொடியன்கள் இரண்டு பேர். என் தாளை வாங்கி, வரைபடத்தைப் பார்த்து, கந்தோரைப் பார்த்து, திரும்பவும் தாளைப் பார்த்தார்கள். நான் எல்லைக்குள்ளே இருக்கிறேன், நடைபாதையில் நடக்கிறேன், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. அவர்கள் மேலே போய் அவரோடு கதைத்துவிட்டு இறங்கி வந்து, “நல்லபடி நடவுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டார். அந்தப் பக்கம் வரும்போது மட்டும் செபத்தைக் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன். அது பாவமென்றால் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

மத்தியானம் ஹைமிலிருந்து பிறேமா தேத்தண்ணி கொண்டு வந்தாள். முதல் நாள் என்னை விசரி, பைத்தியக்காரி என்று சொன்னவள். இன்று இரண்டு சுற்று கூடவே நடந்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வாரும். பக்கத்தில் நடவும். எனக்காக நடக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அக்கா


லிண்டன்ரோட
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சுகன்யா,

நீர் வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் போய்விட்டீர். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

கடைசி முடிச்சைப் போட நீர் கை நீட்டியபோது நான் நூலைத் தராததற்குக் கோபம் காரணமில்லை. இருபத்தைந்து முடிச்சும் என் கையால் விழ வேண்டும் என்று இருந்தது. நீர் உடனே கையை இழுத்துக்கொண்டீர். ஐந்து நாளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

சனிக்கிழமை பஸ்ஸில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். பென்ஜமின் அண்ணை முன் சீட்டைத் தந்துவிட்டு, “கந்தோரைச் சுத்தினதை மாதா ஏற்றுக்கொள்ளுவாவோ?” என்று மெதுவாகக் கேட்டார். “கேட்டுச் சொல்லுறன் அண்ணை” என்றேன்.

கேவலாரில் மெழுகுதிரிக் கடைக்குப் போய் நூலை நீட்டிப் பிடித்தேன். இவ்வளவு நாளும் நான் கவனிக்கவே இல்லை, சுகன்யா. முடிச்சு விழ விழ நூல் கட்டையாகிப் போயிருந்தது. என் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தோளுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முதல் அவன் அங்கேதான் நின்றான், நான் அவன் கையைத் தட்டிவிட்டு வான் வண்டியில் ஏறினேன். கடைக்காரி தண்ணீர் கொண்டு வரும் வரைக்கும் கடைக்குள்ளே நின்று அழுதேன்.

அந்த உயரத்துக்கே ஒரு திரி வாங்கி ஏற்றினேன். வளர்ந்தவனுக்கு நீர் ஏற்றிவிட்டீர். நான் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஏற்றினேன். இரண்டும் அவன்தான். உம்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் முடிந்தது.

பிறகு நீர் சொன்ன வேண்டுதல் கொப்பியைத் தேடினேன். எத்தனை பாஷையில் எத்தனை பேருடைய கவலை. ஆகஸ்ட் மூன்றாம் திகதிப் பக்கத்தில் உம்முடைய குண்டுக் கையெழுத்தைக் கண்டேன். “சொன்னபடி நடந்து வந்தேன்” என்ற வரியைத் தொடவில்லை. அது உண்மை. கீழே இருந்த பேர்பெச்சுவா என்ற பெயரை வெட்டிவிட்டு, சுகன்யாதேவி என்று எழுதினேன். ரைன் பாலத்தின் காற்றும் ஆறு கொப்புளமும் உம்முடையவை, நான் அவற்றை வைத்துக்கொள்ள ஏலாது. கடைசிப் பக்கத்தில் என்னுடையதைத் தனியாக எழுதினேன்: “கந்தோரைச் சுற்றி இருநூற்றைம்பது சுற்று. பேர்பெச்சுவா.” மாதா படித்துவிட்டுச் சிரித்திருப்பா என்றுதான் நினைக்கிறேன்.

விசாரணைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. என் கோப்பில் புதிதாக எழுத அந்த அதிகாரிக்கு ஒன்றும் இல்லை. நூலை என்னோடு கொண்டு போவேன். லக்ஸன் வந்த பிறகு முடிச்சுகளை அவனையே அவிழ்க்கச் சொல்வேன்.

இன்னும் ஒன்று. நூற்றுப்பத்து கிலோமீட்டர் நடந்துபோய் நீர் உமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. உமது பெயருக்குக் கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டு, வேறொருவரும் எழுதாமல் இருக்கச் சுற்றிவரக் கோடு போட்டிருக்கிறேன், சிவப்புப் பேனையால். நீர் அப்பாவுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். உமக்கு என்ன வேண்டுமென்றும் எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் உமக்காக எழுத மாட்டேன்.

அன்புடன்,
பேர்பெச்சுவா அக்கா